மேற்படி மகள்

1

இந்தக் கதை ஒரு காலிக் கட்டத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வரக் கூடாது.

காப்புரிமை விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் 'கண்டுபிடித்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கும். அந்த விண்ணப்பங்களை எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. யாரோ ஒருவர் ஒரு பொருளைச் செய்து எடுத்துக்கொண்டு வருவார். அது என்ன, எப்படி வேலை செய்கிறது, இதற்கு முன் யாரும் இதைச் செய்யவில்லை என்று எப்படி நம்புவது என்றெல்லாம் குடைந்து கேட்பேன். பிறகு அவருடைய பேச்சை, எவருக்குமே படிக்கப் பிடிக்காத ஒரு நடையில் மாற்றி எழுதிக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கதை எழுதுவேன். இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டவிடக் கூடாது என்று ஓர் ஒழுங்கு வைத்திருந்தேன். இந்தக் கட்டம் வந்து அதைக் கெடுத்துவிட்டது.

மற்ற விண்ணப்பங்களில் அரை நிமிடத்தில் நிரப்பிவிட்டு மறந்துபோகிற இடம் அது. இந்த ஒன்றில் மட்டும், பின்னால் இருந்த பக்கங்களெல்லாம் முடிந்து, படங்கள் வரைந்து, என் மேலாளர் இரண்டு முறை கதவைத் தட்டிய பிறகும் காலியாகவே இருந்தது. அதில் எழுதுவதற்கு ஓர் அப்பாவும் ஒரு மகளும் இருந்தார்கள். அப்பா பெயரை மட்டும் எழுதினால் மகளுக்கு அநியாயம். மகள் பெயரை எழுத வேண்டுமென்றால், அப்பா தன் வாயால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். வாழ்நாளில் அவர் ஒப்புக்கொண்டே இராத வகை விஷயம் அது.

[வேலை ரகசியம் என்று ஒன்று இருப்பதால் பொருளைச் சற்று மாற்றியிருக்கிறேன். மனிதர்களையும் மாற்றிப் பார்த்தேன். அவர்கள் மாறுகிற ஜாதி இல்லை.]

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். இரண்டு இங்கே கிடக்கின்றன.

தொடக்கம் அ: "லென்ஸ்காரர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் மெதுவாகத் துடைத்தபடி அறைக்குள் நுழைந்தபோது, ஜன்னல் வழியே விழுந்த ஒளி

[நிறுத்திவிட்டேன். லென்ஸ் செய்கிறவர் என்றால் கண்ணாடி துடைத்துக்கொண்டேதான் வர வேண்டுமா? அன்றைக்கு அவர் துடைத்துக்கொண்டிருந்தது மூக்கை. கடும் சளி. ஒளியும் விழவில்லை, எங்கள் அலுவலகத்து ஜன்னல் அடுத்த கட்டடத்தின் சுவரைப் பார்க்கிறது.]

தொடக்கம் ஆ: "இந்தக் கதை பொதுவாகத் தந்தையர் துறையைச் சார்ந்தது, குறிப்பாக, மகளுடன் இணைக்கப்பட்ட தந்தை ஒருவரைச் சார்ந்தது. மேற்படி தந்தையும் மேற்படி மகளும் ஒரு வளையத்தால் இணைக்கப்பட்டுள்ளனர். மேற்படி வளையத்தின் விளிம்பில் ஒரு சிவப்புப் புள்ளி அமைந்துள்ளது."

இதை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"என்னது இது, பொண்ணை நட்டு போட்டு முடுக்கி வச்சிருக்கே?"

"வேணும்னுதான். ஒட்டாத நடை."

"ஒட்டலைன்னா எதுக்கு எழுதுறே? இதுல கதை எங்க இருக்கு?"

"புள்ளியில."

"அப்ப புள்ளியைச் சொல்லு முதல்ல," என்று ஒரு தலையணை உறையை என் பக்கம் தள்ளினார், மடிக்கச் சொல்லி.

புள்ளியைச் சொல்வதற்கு முன் வளையத்தைச் சொல்ல வேண்டும். வளையத்தைச் சொல்வதற்கு முன் அவரை. வேறு வழியில்லை.

3

லென்ஸ்காரர் என்பது எங்கள் அலுவலகம் வைத்த பெயர். முகம் தெரியாத பெரிய கருவிகளுக்குள் உட்காரும் சின்னச் சின்ன உறுப்புகளைச் செய்கிறவர் அவர்: லென்ஸைப் பிடித்து வைத்திருக்கும் வளையங்கள், ஆடியைச் சாய்க்கும் திருகுகள், ஒளியை வடிகட்டும் தட்டுகள். அவருடைய முதல் காப்புரிமை ஒரு வளையத்துக்குத்தான். சூடு பட்டால் கண்ணாடி விரியும். வளையம் இறுக்கிப் பிடித்தால் லென்ஸ் விரிசல் விடும். தளர்வாகப் பிடித்தால் ஆடும். அவருடைய வளையம் மூன்றே இடங்களில், மெத்தென்று பிடிக்கும். விரலால் தள்ளினால் கண்ணாடி உள்ளுக்குள்ளேயே சுழலும், ஆனால் ஒரு துளிகூடச் சாயாது.

[இந்த இடத்தில் இறுக்கமான பிடி, தளர்ந்த பிடி, தந்தை, மகள் என்று ஓர் உவமை உங்களுக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. ஒரு பத்தி எழுதி, நன்றாக இருக்கிறதே என்று சந்தேகம் வந்து, அடித்துவிட்டேன்.]

மகள் மேசைப்பந்து ஆடத் தொடங்கியதும் அவருடைய புத்தி விளையாட்டுக் கருவிகள் பக்கம் தாவியது. மேசைமேல் ஒளிக்கோடு போட்டுப் பந்து விழ வேண்டிய இடத்தைக் காட்டும் கருவி. ஆடுகிறவர் தன் கால்களைத் தானே பார்த்துக்கொள்ள வலையோரம் நிற்கும் சாய்வாடி. பந்தை ஒரே சீராக எறியும் குழாய். ஒவ்வொன்றாக எங்களிடம் வந்தன. விண்ணப்பங்களை நான்தான் எழுதினேன். எல்லாவற்றிலும் ஒரே ஆள் வருவார்: 'பயன்படுத்துபவர்'. "பயன்படுத்துபவர் மட்டையை வலக்கையில் பிடித்தபடி மேசையின் ஒரு முனையில் நிற்கிறார்." "பயன்படுத்துபவர் இடப்பக்கம் நகர்கையில் மேற்படி ஆடியில்..." படத்திலும் அவர் வருவார், முகம் இல்லாத ஒரு கோட்டு உருவமாக.* அந்தப் பயன்படுத்துபவர் பள்ளிக்கூடம் முடித்ததும், போட்டிகளில் ஜெயித்ததும், அதைவிட அதிகம் தோற்றதும், கடைசியில் ஆட்டத்தை விட்டுப் பயிற்சியாளர் ஆனதும் அப்போது எனக்குத் தெரியாது. அவளை அதுவரை நான் பார்த்ததே இல்லை.

*முகம் கண்டுபிடிப்பின் பகுதி அல்ல என்பதால் வரைவதில்லை. எங்கள் வரைவாளர் அந்த உருவத்துக்கு எப்போதும் ஆண் தலைமுடிதான் போடுவார். கேட்டால், "சீக்கிரம் முடியுதுல்ல," என்பார்.

4

சளியோடு வந்த அன்று அவர் மேசைமேல் வைத்தது ஒரு கண்ணாடி. நீச்சல்காரர்கள் போடுவதுபோல் தலையைச் சுற்றிப் பட்டை. முன்னால் அவருடைய வளையங்கள் இரண்டு, உள்ளே இரண்டு வட்டக் கண்ணாடிகள். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பாதி தெளிவு, மறுபாதி மாவு பூசினதுபோல் மங்கல். விளிம்பில் ஒரு சிவப்புப் புள்ளி.

"போட்டுப் பாருங்க மேடம்."

"எது மேல வரணும் சார்?"

"சிவப்புப் புள்ளி மேல் பக்கம். அவ்வளவுதான் விஷயம்."

போட்டேன். உலகத்தின் மேல் பாதி மூடுபனியாகிவிட்டது. எதிரே இருந்தவருக்குத் தலை போய்விட்டது; நெஞ்சு முதல் கீழேதான் மிச்சம்.

"என்ன தெரியுது?"

"உங்க சட்டை தெரியுது சார். பொத்தான் ஒண்ணு மாறிப் போட்டிருக்கீங்க."

அதை அவர் கண்டுகொள்ளவில்லை. உற்சாகமாக விளக்கத் தொடங்கினார். "இப்ப நீங்க மேசைக்கு இந்தப் பக்கம் நிக்கிறீங்க. எதிராளியோட முகம், தோள், மட்டை எதுவும் தெரியாது. பந்து உங்க பக்கம் வந்து குத்தி எழும்பும் பாருங்க, அது மட்டும்தான் தெரியும். ஊகிக்க வழியே கிடையாது. காத்திருந்துதான் அடிச்சாகணும். அவசரக்காரங்க கைக்கு மூக்கணாங்கயிறு மாதிரி!"

அருமையான யோசனை என்று சொன்னேன்.* உண்மையாகவே சொன்னேன். எத்தனையோ பேர் எதையெதையோ தூக்கிக்கொண்டு வருவார்கள். கேட்ட மாத்திரத்தில் 'அட!' என்று தோன்றுவது அபூர்வம். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டேன். எல்லோரிடமும் கேட்பதுதான்.

"எப்படித் தோணிச்சு சார் இது?"

"அது ஒண்ணுமில்ல மேடம். என் மகள் ஆடுறப்போ கையையே பாத்துட்டு இருப்பா. அதுதான் அவ குறை. கை தெரியக் கூடாதுன்னுதான் பாதியை மறைச்சேன்."

நான் கண்ணாடியைக் கழற்றாமல் என் கையைப் பார்த்தேன். ரேகை முதற்கொண்டு தெரிந்தது.

"சார், கை நல்லாத் தெரியுதே."

அவர் முகம் என்ன ஆயிற்று என்று சொல்ல ஆசைதான். மூடுபனியில் அது தெரியவில்லை. விரல்கள் தெரிந்தன. மாறிப் போட்ட பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தன.

"யோசனை வளர்ந்துது மேடம்," என்றார்.

*தலையை நிமிர்த்தித் தெளிந்த பாதி வழியாகத் திருட்டுத்தனமாகப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பார்க்கலாம். கழுத்து வலிக்கும். விண்ணப்பத்தில் அதை ஒரு நன்மையாகவே எழுதியிருக்கிறேன்.

5

சட்டம் இதில் கறாரானது. பொருளைத் தன் கையால் செய்தவர் என்பதாலேயே ஒருவர் கண்டுபிடித்தவர் ஆகிவிட மாட்டார். பயன்படுத்தியவரும் ஆக மாட்டார். 'இது இப்படி இருந்தால் இந்த வேலையைச் செய்யும்' என்று யார் மண்டையில் முதலில் விளக்கு எரிந்ததோ, அவர்தான். கட்டத்தில் தெரிந்தே தவறான பெயரை எழுதினால், நாளைக்கு எவனாவது அதைத் தோண்டியெடுத்து முழுக் காப்புரிமையையும் சாய்த்துவிடலாம்.

கையை மறைக்கக் கிளம்பிய கண்ணாடி, எதிராளியின் முகத்தை மறைக்கும் கண்ணாடியாக எங்கேயோ மாறியிருக்கிறது. எங்கே? யார் மண்டையில்?

"வேற யாராவது இதுல ஏதாவது சொன்னாங்களா சார்?"

"யாரும் இல்ல. மகள் சும்மா போட்டுப் பாத்தா."

இந்த 'சும்மா'வை நான் பல விண்ணப்பங்களில் கேட்டிருக்கிறேன். மனைவி சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள், தம்பி சும்மா ஒரு வார்த்தை சொன்னான். விஷயம் பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

அந்த வாரம் எழுதிய பக்கங்களில் அவரைத் திருடராக்கியிருந்தேன். "மகளின் மூளையைத் தன் பெயரில் பதிவு செய்துகொள்ளத் துணிந்த அந்த மனிதரின் கண்களில்

[வேண்டாம். கண்களில் ஒன்றுமில்லை, சளியால் சிவந்திருந்தன. திருடர் என்றால் எனக்கு வேலை மிச்சம், உங்களுக்கும் கோபப்பட வசதி. ஆனால் தன் எல்லா விளையாட்டுக் கருவியையும் ஒரே ஒருத்திக்காகச் செய்த மனிதர் அவளிடமிருந்து எதைத் திருடுவார்? இந்தப் பாத்திரம் இப்படி நிற்கவில்லை. ஆகவே மகளைப் பார்க்கப் போனேன். கதைக்காரியாக அல்ல, விண்ணப்பக்காரியாக. சோதித்தவரிடம் விவரம் கேட்பது எங்கள் வழக்கம்.]

6

பயிற்சிக்கூடம் ஒரு பழைய கிடங்கு. நான்கு மேசைகள். ஒரு வகுப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. தரையெங்கும் வெள்ளைப் பந்துகள். மேற்படி மகள் கைப்பிடி வைத்த வலைக் கூடையால் அவற்றை அள்ளிக்கொண்டிருந்தாள். அவள் தலைமுடி நீளம். எங்கள் வரைவாளரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் சுற்றி வளைத்துக் கேட்கத் தயாராகப் போயிருந்தேன். அவள் அதற்கு இடம் வைக்கவில்லை.

"அப்பா புள்ளியைத் தப்பா வச்சிட்டார்," என்றாள்.

"தப்பான்னா?"

"அவர் மேசையில ஒரு சின்ன டெலஸ்கோப் இருக்குமே, லென்ஸைச் சோதிக்கிறதுக்கு? அதுல எல்லாமே தலைகீழாத் தெரியும். புள்ளி மேல தெரியணும்னா கீழ வைக்கணும். வருஷக்கணக்கா அப்படியே வச்சு வச்சு, அவர் கைக்குக் கீழ்தான் மேல். எங்க வீட்டுல அப்பா புள்ளி வச்சு ஒட்டின அட்டைப்பெட்டின்னா கவுத்துப் போட்டுத்தான் திறக்கணும். இல்லைன்னா சாமானெல்லாம் கால்ல கொட்டும். அம்மா எனக்கு நடக்கக் கத்துக் குடுத்த கையோட இதையும் கத்துக் குடுத்துட்டாங்க."

"அப்பாவுக்கு இது தெரியாதா?"

"எங்க வீட்டுல யார் சொல்றது?"

அவர் செய்ய நினைத்தது கீழ்ப்பாதி மங்கலான கண்ணாடி. புள்ளி மாறியதால் அவர் அனுப்பியது மேல்பாதி மங்கலான கண்ணாடி. இவ்வளவுதான் நடந்தது.

"பார்சலைப் பிரிச்சதுமே எனக்குத் தெரியும்," என்றாள். "வட்டத்தைத் திருப்பி, அவர் நினைச்ச மாதிரியே மாட்டி ஆடினேன். கை தெரியல. ஆட்டத்துல ஒரு மாத்தமும் இல்ல. கழட்டி வைக்கப் போனேன். அப்பதான், சரி, புள்ளி சொல்றபடியும் ஒரு தடவை பாத்துடலாமேன்னு திருப்பினேன். முதல் பந்து நேரா மூக்குல. ரெண்டாவது காதுல. அப்புறம்..." அவள் கூடையைக் கீழே வைத்தாள். "நான் தோத்த ஆட்டமெல்லாம் எப்படித் தோத்தேன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. எதிராளி தோளைப் பாத்துட்டு, பந்து இங்கதான் வருதுன்னு நானே முடிவு பண்ணிடுவேன். பந்து வர்றதுக்குள்ள கை போயிடும். தோள் தெரியலைன்னா வேற வழியில்ல, நின்னு பாத்துத்தானே ஆகணும்? இப்ப என்கிட்ட வர்ற பசங்க எல்லாருக்கும் அதைத்தான் மாட்டி விடுறேன்."

"இதை அப்பாகிட்ட சொன்னீங்களா?"

"கண்ணாடி பிரமாதம்ப்பா, எதிராளி மூஞ்சியே தெரியலன்னேன். போன்ல கொஞ்ச நேரம் மூச்சே இல்ல. அப்புறம், 'அதுக்குத்தான் செஞ்சேன்'னார்."

யோசனை வளர்ந்த இடம் தெரிந்துவிட்டது. ஒரு தொலைபேசி மௌனத்தில், இரண்டு மூச்சுக்கு நடுவில்.

"நீங்களும் அப்படியே விட்டுட்டீங்க."

"வேற என்ன செய்ய? எனக்காக அவர் என்னென்ன செஞ்சிருக்கார் தெரியுமா? அவரை நிக்க வச்சு, உங்க புள்ளி தப்புன்னு சொல்லவா?"

விண்ணப்பத்தில் பெயர்க் கட்டம் ஒன்று இருக்கிறது, அதில் உங்கள் பெயர் வேண்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்," என்றாள். குனிந்து ஒரு பந்தை எடுத்தாள். அதைக் கூடையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். "இல்ல. பொய் எதுக்கு? வேணும். அப்பாவோட காப்புரிமை அத்தனையிலயும் நான் இருக்கேன், நீங்கதானே எழுதினீங்க? பயன்படுத்துபவர், பயன்படுத்துபவர்னு. ஒரு தடவையாவது போட்டுப் பாத்தவளா இல்லாம, யோசிச்சவளா இருக்கணும்னு ஆசையா இருக்கு. ரொம்ப ஆசையா இருக்கு. ஆனா அதுக்கு அப்பா தலை குனியணும்னா எனக்கு வேண்டாம்."

அந்தச் சொல்லை எழுதியவள் நான். கொஞ்சம் பந்து பொறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

7

முடிவுகளுக்கு வருவோம். எங்கள் தொழிலில் 'மற்றொரு செயல்வடிவத்தில்' என்று ஒரு சொற்றொடர் உண்டு. மரத்தில் செய்யலாம், மற்றொரு செயல்வடிவத்தில் உலோகத்தில் செய்யலாம். எதையும் விட்டுக்கொடுக்காமல் எல்லாவற்றையும் வளைத்துப்போடும் தந்திரம். கதைக்கு அது ஒத்துவருகிறதா பார்ப்போம்.

ஒரு செயல்வடிவத்தில், அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் வாயைத் திறக்கிறார்கள். "அவதான்," என்கிறார் அப்பா. "அப்பாதான்," என்கிறாள் மகள். இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "இடைவேளைக்கு எத்தனை நிமிஷம் விடுவே?" என்றார். அடித்தாயிற்று.

மற்றொரு செயல்வடிவத்தில், நான் லென்ஸ்காரரைக் கூப்பிட்டு உண்மையைப் போட்டு உடைக்கிறேன். அவர் விண்ணப்பத்தையே திரும்பப் பெற்றுக்கொள்கிறார். மகளுக்கு அடுத்த வாரம் ஒரு பார்சல் வருகிறது, கை தெரியாத கண்ணாடியோடு. புள்ளி சரியாக இருக்கிறது. இருவரும் பண்டிகை நாள்களில் மட்டும் பேசிக்கொள்கிறார்கள். இது நடக்கக்கூடியது என்பதால் எனக்குப் பயமாக இருந்தது.

இன்னும் ஒன்று என் மேலாளருடையது: "ரெண்டு பெயரையும் போட்டுத் தள்ளிவிடும்மா, யாருக்கு என்ன நஷ்டம்?" ஆனால் இரண்டாவது பெயரைப் போட்டால் முதல் பெயர்க்காரர் கையெழுத்திட வேண்டும். இடும்போது, 'அவ என்ன யோசிச்சா?' என்று கேட்பார். அங்கேயே வந்து நிற்கிறோம்.

நான் எதையும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். சொன்னால் நானும் ஒரு பாத்திரம் ஆகிவிடுவேன். எனக்கு அந்தச் சம்பளம் இல்லை. கேட்பதுதான் என் வேலை. இருவரையும் ஒரே நாளில் வரச்சொல்லி, வழக்கமான கேள்வியை இருவரும் இருக்கும்போது கேட்பது. அவ்வளவுதான்.

8

இந்தப் பகுதியில் அடித்தல் திருத்தல் இல்லை. நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

என் மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலிகள். அப்பாவின் பொத்தான்கள் இன்று வரிசையில் இருந்தன. மகள் பயிற்சிக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தாள், கால்சட்டைப் பையில் ஒரு பந்து புடைத்துக்கொண்டிருந்தது. நடுவில் கண்ணாடி.

"கையை மறைக்கணும்னு ஆரம்பிச்சது, முகத்தை மறைக்கிறதா எப்ப மாறிச்சு சார்? யோசனை வளர்ந்துதுன்னு விண்ணப்பத்துல எழுத முடியாது."

"அது வந்து மேடம், ஒரு கருவி செய்யுறப்ப பல கோணத்துல..." என்று ஆரம்பித்தார். சப்பைக்கட்டு என்று அவருக்கே கேட்டிருக்க வேண்டும். நிறுத்திக்கொண்டார்.

"அப்பா," என்றாள் மகள். "பார்சல் வந்த அன்னைக்கு நான் முதல்ல மாத்தித்தான் மாட்டினேன்."

"எப்படி மாத்தி?"

"நீங்க நினைச்ச மாதிரி."

அவர் அவளைப் பார்த்தார். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்த கணம் அது. கண்ணாடியை எடுத்தார். கட்டைவிரலை வட்டத்தின் விளிம்பில் வைத்துத் தள்ளினார். சத்தமே இல்லாமல் அது அரைச் சுற்று சுற்றி நின்றது. அவருடைய வளையம் அல்லவா. புள்ளி கீழே போயிற்று.

"இப்படியா?"

"ஆமா."

"எப்படி இருந்துது?"

"கை தெரியல."

"அதுக்குத்தானே நான்..."

"நான் கையைப் பாக்கிறதே இல்லப்பா. எப்பவுமே பாத்ததில்ல."

அவருக்கு அது புரியவில்லை. "என்னம்மா சொல்றே? உன் ஆட்டம் ஒண்ணுவிடாம நான் வந்திருக்கேன். முன் வரிசையில உக்காந்து கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்திருக்கேன். கையை எப்படி வச்சிருக்கே, மணிக்கட்டு எப்படித் திரும்புது, எல்லாம் எனக்கு..."

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

பக்கத்து அறையில் அச்சு இயந்திரம் ஓடி முடிந்தது.

"நான்தான் பாத்துட்டு இருந்திருக்கேன்," என்றார். "உன் கையை. பந்தைக்கூடப் பாக்கல. உன் மூஞ்சியைப் பாக்கல. எல்லா ஆட்டத்துலயும் நான் உன் கையையேதான் பாத்துட்டு உக்காந்திருந்தேன்."

"தெரியும்ப்பா," என்றாள் அவள்.

ஒட்டாத நடை என்று ஆரம்பித்தேன், நினைவிருக்கிறது. அப்போது ஒட்டவில்லை என்று சொன்னால் பொய்.

அவர் கேட்டார்: "புள்ளி தப்புன்னு பிரிச்சதுமே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அடுத்த வாரமே சரியானது வந்திருக்கும்."

"வந்திருக்கும்," என்று ஒப்புக்கொண்டார். பிறகு மூக்கைச் சிந்தினார். இந்த முறை சளி இல்லை. "பெட்டியெல்லாம்கூட அப்படித்தானா? அட்டைப்பெட்டி?"

"எல்லாப் பெட்டியும்ப்பா."

"உங்கம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லையே!"

"கவுத்துப் போட்டுத் திறந்துடுவாங்க."

அவர் விரல் வட்டத்தை மறுபடி சுற்றியது. புள்ளி மேலே வந்தது. கண்ணாடியை மகள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, என்னிடம் கை நீட்டினார். "அந்தப் பக்கத்தைக் குடுங்க மேடம். பேனாவும்."

முதல் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன்.

9

அந்தக் கட்டத்தில் என்ன எழுதப்பட்டது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். கதையின் அழகுக்காக மறைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். விண்ணப்பத்தைக் காப்புரிமை அலுவலகம் தானாக வெளியிடும்வரை அதிலிருப்பது ரகசியம். மீறினால் என் வேலை போகும். ஒரு பெயரா, இரண்டா, இரண்டென்றால் எது முதலில் என்பதெல்லாம் இப்போது ஏதோ ஓர் இரும்பு அலமாரியில் இருக்கிறது.

நான் பார்த்த வேறொன்றைச் சொல்லத் தடை இல்லை. எங்கள் அலுவலகம் மாடியில். இருவரையும் அனுப்பப் படிக்கட்டுவரை போனேன். முதல் படியில் நின்று அவர் அந்தக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார், புள்ளி மேலே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு.

"அப்பா, கழட்டுங்க. விழுந்து வைக்கப் போறீங்க."

"படியெல்லாம் பளிச்சுன்னு தெரியுது. உன் மூஞ்சிதான் தெரியல."

"அதுக்குத்தானே செஞ்சோம்," என்று அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு படியும் வந்து சேர்ந்த பிறகே காலை வைத்தார். திருப்பம்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டு, "கட்டத்துல என்னதான் போட்டாங்க?" என்று இரண்டு நாள் நச்சரித்தார். அவருக்கும் சொல்லவில்லை. உங்களிடம் எல்லா விவரமும் இருக்கிறது: சட்டம் என்ன சொல்கிறது, யார் செய்தார், யார் திருப்பினாள், யார் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டம் கீழே இருக்கிறது. நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். பேனா மட்டும் நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். என்னுடையதை லென்ஸ்காரர் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

கண்டுபிடித்தவர்: [                                        ]